ஒற்றைக் கை இருந்த சுவர்

"கலை வரலாறா? அதைப் படிச்சு என்ன செய்ய?"

கல்லூரியில் சேர்ந்தபோது என் சித்தப்பா கேட்டார். வேலைக்குச் சேர்ந்தபோது பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று, மாலையைப் போட்ட கையோடு எங்கள் கல்லூரித் தாளாளரே கேட்டார். மாலை கனமாக இருந்ததால் அவரைச் சும்மா விட்டேன். இப்போது அந்தப் பாடத்தைப் பட்டப்படிப்பு வரிசையிலிருந்தே தூக்கிவிட்டு, சுற்றுலாப் படிப்புக்குள் ஒரு தாளாகச் செருகிவிட்டார்களாம். சேதி சொல்ல வந்த இரண்டு இளம் விரிவுரையாளர்களும், "மேடம், நீங்கள்தான் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும்" என்றார்கள். வரிந்து கட்டிக்கொண்டு ஒரு கண்டனம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வந்தால் எழுத்து நன்றாக வரும். ஆனால் இரண்டு பத்தி போவதற்குள் போடி மலையடிவாரத்து மண்டபம் வந்து குறுக்கே நின்றுவிட்டது. சரி, அதையே எழுதுகிறேன். கண்டனத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். பொருளாதாரத்தில் இடம் கிடைக்காமல்தான் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கலை வரலாறு எடுத்தேன். இதை இப்போது சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் என்னைப் போல வேறு எங்கோ கதவு சாத்தப்பட்டு வந்தவர்கள். படித்தேன், பிடித்துப்போயிற்று, தேறினேன். ஐம்பதுகளின் நடுவில் அங்கேயே டியூட்டர் வேலையும் கொடுத்தார்கள்.

டியூட்டர் என்றால் பெரிய உத்தியோகம் என்று எங்கள் ஊரில் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் துறைத்தலைவருக்குப் பின்னால் கண்ணாடித் தகட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை. அந்தக் காலத்தில் சிற்பங்களின் படங்கள் கண்ணாடித் தகட்டில் இருக்கும். விளக்குக் கருவியில் ஒவ்வொன்றாகச் செருகினால் சுவரில் படம் விழும். முதல் வகுப்பிலேயே நடராஜரைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துறைத்தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்படியே இருக்கட்டும். உடம்போட எடை எந்தக் கால்ல நிக்குதுன்னு இப்பப் பாருங்க, இன்னும் நல்லாத் தெரியும்" என்று பாடத்தைத் தொடர்ந்தார்.

அவர்தான் மிஸ் பங்கஜம். கல்யாணம் செய்துகொள்ளாத ஆசிரியைகளை அப்போது மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட நூல் புடவை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய குரல். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் பிள்ளைகள் கப்சிப் என்றாகிவிடுவார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு சிலை முன்னாலோ சுவர் முன்னாலோ நிறுத்தினால் முதலில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது, எழுதக்கூடாது, பார்க்க வேண்டும். கால் கடுக்கும் வரை பார்த்த பிறகுதான் பென்சில். வரைந்து முடித்த பிறகுதான் எழுத்து. அதற்கும் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'கருதியது'. இடது பக்கத்தில் யாராவது 'அழகான' என்று எழுதிவிட்டால் அந்தத் தாள் அப்படியே திரும்பி வரும். "அழகு உன் பக்கத்துல இருக்கு, வலது பக்கம் எழுது" என்பார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் உண்டு. சுவரில் நம் விரல் படக்கூடாது. நாம் போன பிறகும் அதைப் பார்க்க ஆள் வருவார்கள் என்பார். கல்லூரியில் எங்களுக்குக் 'கைகட்டி டிபார்ட்மெண்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவியும் தன் சொந்த ஊரிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆய்வேடு எழுத வேண்டும். கல்லானாலும் சரி, சுவரானாலும் சரி, வீட்டு வாசல் கதவானாலும் சரி. அது இல்லாமல் பட்டம் கிடையாது. அன்னத்தாய் எடுத்தது போடி மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இருக்கும் பழைய மண்டபத்தை.

அன்னத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம், வாய் ஓயாத பெண். அவள் பெட்டியைத் திறந்தால் விடுதி அறை முழுக்க ஏலக்காய் மணக்கும். சென்னைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும் பேச்சில் போடி கொஞ்சமும் குறையவில்லை. "வெரசா வாங்க டீச்சர், மிஸ் கண்ணாடியக் கழத்திட்டாக" என்று அவள் கூப்பிட்டால் எனக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். அவளுடைய அப்பா சுப்பையா, போடியில் ஏலக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருந்தார். பெயரில் வரலாறு இருப்பதால் மகள் சரித்திர டீச்சராகப் போகிறாள் என்று நம்பிச் சேர்த்தவர். பிறகு விஷயம் தெரிந்து, "படம் பாக்கவா மெட்ராசுக்குப் போன?" என்று கேட்டாராம். கேட்டதோடு சரி, நிறுத்தவில்லை. மகள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது.

அன்னத்தாய்க்கு அம்மா இல்லை. இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். அத்தைதான் வளர்த்தாள். ஒருமுறை அருங்காட்சியகத்தில் ஒரு பெண் சிலையின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "எனக்கு எங்க அம்மா மொகம் தெரியாது டீச்சர். ஒரு போட்டோகூடக் கெடையாது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு சரியில்லை.

பொங்கல் முடிந்த கையோடு மிஸ் பங்கஜம், நான், அன்னத்தாய் மூவரும் மதுரை வந்து, போடி ரயில் ஏறினோம். சுப்பையா ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். கட்டை குட்டையான மனிதர். தோளில் வெள்ளைத் துண்டு. எங்கள் பெட்டிகளை அவரே தூக்கிக்கொண்டார், கூலியாள் கேட்டும் கொடுக்கவில்லை. சாப்பாட்டில் ஒரு குறை வைக்கவில்லை. மிஸ் பங்கஜத்துக்குக் காரம் ஆகாது என்று தெரிந்து அன்னத்தாயை வளர்த்த தங்கைக்காரியிடம் தனியாகக் குழம்பு வைக்கச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போனோம். சிலமலைப் பக்கத்திலிருந்து வரும் ஆட்களும் போடி ஆட்களும் சேர்ந்து மலையேறுகிற இடம் அது. சுமை தூக்குகிறவர்கள் உள்ளே கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சுவதால் உத்தரமெல்லாம் கரி. ஆனால் சுவரின் மேல்பாதியில் ஓவியம் இருந்தது. குதிரைகள், குடை பிடித்தபடி ஓர் ஆள், கிளிகள், குடம் தூக்கிய பெண்கள். எல்லாம் முழங்கால் வரைக்கும்தான். அதற்குக் கீழே சுண்ணாம்பு. வருஷம் தவறாமல் அடித்து அடித்துச் சுவரே ஒரு விரற்கடை தடித்திருந்தது. அன்னத்தாயின் ஆய்வேட்டுக் கேள்வியே இதுதான். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

அந்தச் சுண்ணாம்பின் மேல் மஞ்சள் கைகள் இருந்தன. இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக, சுவர் நெடுக. எங்கள் ஊர் வயல்காடு, இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. மலையிலிருந்து இறங்கி அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் சொன்னாள். "மேல கேறும்போது ஒரு கை வப்போம். நல்லபடியா எறங்கி வந்து பக்கத்துல இன்னொரு கை. மாசிச் சிவராத்திரிக்கு முன்னாடி எல்லாத்துக்கும் மேல வெள்ளையடிச்சிருவாக." மஞ்சள் அரைக்க மண்டபத்து மூலையிலேயே ஒரு சின்ன அம்மிக்கல் கிடந்தது. ஓரத்தில் ஒரு கை மட்டும் தனியாக இருந்ததைக் காட்டிக் கேட்டேன். அந்தப் பெண் இன்னும் இறங்கவில்லை, மேல் எஸ்டேட்டில் வேலை முடியவில்லை என்றாள். "அவ வர்ற வரைக்கும் அத மட்டும் சுத்திட்டுத்தான் அடிப்பாக. ஒத்தக் கைக்கு மேல சுண்ணாம்பு அடிக்க மாட்டாக."

மிஸ் பங்கஜம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். சுண்ணாம்புப் பூச்சுகளுக்கு நடுவே கரி படிந்திருந்ததால் ஏடு ஏடாக எடுத்துவிடலாம், அடியில் ஓவியம் இருந்தால் சேதமில்லாமல் கிடைக்கும் என்றார். ஆனால் மண்டபத்தைப் பராமரிப்பவர் சம்மதிக்க வேண்டும். பராமரிப்பவர் சுப்பையாதான். வருஷா வருஷம் வெள்ளையடிப்பது அவர் பொறுப்பு. அப்புறம் என்ன, வேலை முடிந்த மாதிரிதான் என்று அன்னத்தாய் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டாள். சுப்பையா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தச் சோலி வேண்டாம் ஆத்தா. மேல இருக்க குதுரையப் பாத்து எழுதிட்டுப் போ."

அன்னத்தாய் விளையாட்டாகத்தான் மறுபடி கேட்டாள். கெஞ்சினாள். மேல்பாதியை மட்டும் எழுதினால் ஆய்வேடு நிற்காது, பட்டம் போய்விடும் என்று விளக்கினாள். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில், அப்படியென்றால் படித்தது போதும், நாளையிலிருந்து வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் மண்டிக்குப் போய்விட்டார். அன்னத்தாய் அழவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "எங்க அப்பா எதுக்குமே வேண்டாம்னு சொன்னதில்லையே டீச்சர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டரை வருஷம் படித்த பெண். எங்கள் வகுப்பிலேயே கண்ணுள்ள பெண். பழைய சுவரில் நாலு அங்குலம் சுண்ணாம்பு எடுப்பதற்கு இந்த மனுஷர் படிப்பையே நிறுத்துவாராமா? மிஸ் பங்கஜம், "காரணம் தெரியாம எதையும் உரிக்கக் கூடாது, பொறு" என்றார். சுவரைச் சொன்னாரா, சுப்பையாவைச் சொன்னாரா தெரியவில்லை. நான் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மண்டிக்குப் போனேன்.

மண்டிக்குள் பகலிலும் இருட்டு. வடக்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னலடியில் பெண்கள் முறத்தில் ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போன வேகத்தைப் பார்த்து அவர்களைக் காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னார். நான் மூச்சு விடாமல் பேசினேன். பெண்பிள்ளை படிப்பு, அவள் திறமை, கல்லூரி, நாடு, சுதந்திரம் என்று என்னென்னவோ பேசினேன்.  அவர் நடுவில் ஒருமுறை எழுந்து, திறந்திருந்த கதவை ஒருக்களித்துச் சாத்தினார். வெயில் குவியல் மேல் விழுகிறது, பச்சை வெளுத்துவிடும் என்றார். மறுபடி உட்கார்ந்தார். எனக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் சொன்னார்.

"டீச்சரம்மா, அந்தச் சொவத்துல அவ ஆத்தாவோட கை இருக்கு."

பிறகு அவர் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னதுதான். அப்போது மண்டி கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் ஏலக்காய் மூட்டை சுமந்து இறக்குகிறவர். அவர் மனைவி காய் எடுக்க மலைக்குப் போகிறவள். குழந்தையை நாத்தனார் மடியில் போட்டுவிட்டு, ஆவணியில் மற்ற பெண்களோடு கை வைத்துவிட்டு ஏறியிருக்கிறாள். மேலே மலைக்காய்ச்சல். இவர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஏலத்தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார். தை மாதத்தில் மற்றவர்கள் எல்லாரும் இறங்கி வந்து இரண்டாவது கை வைத்தார்கள். அவள் கை மட்டும் ஒற்றையாக நின்றது. வழக்கப்படி அதைச் சுற்றிவிட்டு வெள்ளையடித்தார்கள். அடுத்த வருஷமும் அப்படியே.

"லோடு எறக்கிட்டு வரும்போதெல்லாம் அதத் தாண்டித்தான் வரணும். கூப்புடுற மாதிரியே இருக்கும். தாங்க முடியல. மூணாவது வருசம் நானே சுண்ணாம்பு மட்டைய எடுத்து அடிச்சிட்டேன். ஒத்தக் கைக்கு மேல அடிக்கக் கூடாது. தெரிஞ்சுதான் அடிச்சேன். இனிமே இவ வரமாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிப்போச்சுல்ல?"

அதற்குப் பிறகு அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விடவில்லை. வசதி வந்த பிறகும் அந்தச் சுவருக்கு மட்டும் அவரே மட்டை பிடித்தார். ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. மகளுக்குத் தெரியாது. தெரிந்தால், யார் மூடியது என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

"சொரண்டிப் பாத்து, அங்கன ஒண்ணுமே இல்லேன்னா?"

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. அந்த இருட்டில் ஏலக்காய் மணத்துக்கு நடுவே நான் ஒரு முட்டாளைப் போல அழுதேன். இதை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். எனக்கு வாய் வராது என்றார். நானும் சொல்ல மாட்டேன், காலையில் நாங்கள் மண்டபத்தில் குதிரை வரைந்துகொண்டிருப்போம், வந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மிஸ் பங்கஜம் என் முகத்தைப் பார்த்தார். அன்னத்தாய் தன் பெட்டியிலிருந்த புத்தகங்களை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் அவர் வந்தார். மகளிடம் வந்து நின்றார், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினார். என்னிடம் சொன்னதில் பாதி வார்த்தைகூட இருக்காது. உங்க ஆத்தா கை இங்கே இருக்கிறது, நான்தான் மூடினேன், அவ்வளவுதான். அன்னத்தாய் பென்சிலைக் கீழே வைத்தாள்.  வெளியே மூட்டை சுமக்கும் கழுதைகளின் மணிச் சத்தம் கேட்டது.

"எந்த எடம்ப்பா?" என்றாள்.

அவர் யோசிக்கவே இல்லை. இரண்டாவது தூணுக்கு இந்தப் பக்கம், தோள் உயரத்தில் விரலை வைத்தார். எங்கும் ஒரே வெள்ளையாக இருந்த சுவர் அது. இத்தனை வருஷம் கழித்தும் விரல் தேடவில்லை. சுவரில் விரல் பட்டதற்கு மிஸ் பங்கஜம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டதெல்லாம் வேலைக்கு வேண்டிய கேள்விகள். மஞ்சளா, குங்குமமா? மஞ்சளில் எண்ணெய் கலப்பதுண்டா? முதல் தடவை அடித்தது சிப்பிச் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா? சுப்பையா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பதில் சொல்லச் சொல்ல அவர் குரல் தெளிந்துகொண்டே வந்தது.

மூங்கில் சிம்பைத் தட்டையாகச் சீவி, முனையை மழுக்கி, அன்னத்தாயிடம் கொடுத்தார் மிஸ் பங்கஜம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வரக்கூடாது, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஈரப்பஞ்சால் ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. கரி படிந்த ஏடு வரும்போதெல்லாம் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். வெளிச்சம் போதவில்லை. தோள் துண்டை விரித்துப் பிடிக்கும்படி சுப்பையாவிடம் சொன்னார். வாசல் வெயில் அந்த வெள்ளைத் துண்டில் பட்டுச் சுவரில் இதமாக விழுந்தது. அவர் கை கடுக்கக் கடுக்க, துண்டைத் தாழ்த்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்று கேட்டேன், கொடுக்கவில்லை.

வெங்காயத் தோல் போலப் பூச்சுகள் வந்தன. ஒவ்வொரு ஏடும் ஒரு வருஷம். அன்னத்தாய் எடுத்துக்கொண்டே வந்தாள். அவள் ஊரைவிட்டு எங்களிடம் படிக்க வந்த வருஷம், பள்ளிக்கூடம் போன வருஷங்கள், மழலை பேசிய வருஷம். வெள்ளை, கரி, வெள்ளை, கரி. பிறகு ஓர் ஏட்டுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக இல்லை. சிவப்பு கசிந்திருந்தது.

"மிஸ், செவப்பா இருக்கு" என்றாள்.  "மஞ்சள் இல்ல. இது வேற என்னமோ."

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா என்ன ஆகும்?" என்றார் மிஸ் பங்கஜம்.

எந்தத் தமிழ் வீட்டுப் பெண்ணுக்கு அது தெரியாது? ஆரத்தி எடுக்கச் சிவப்பாக ஆலம் கரைக்காத வீடு உண்டா? ஆனால் அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. அன்னத்தாய் இன்னும் கொஞ்சம் பஞ்சால் ஒற்றினாள். உள்ளங்கை வந்தது. கட்டைவிரல் வந்தது. ஒவ்வொரு விரலாக, மங்கிய செங்கல் நிறத்தில், ஒரு பெண்ணின் வலது கை. சுப்பையாவின் துண்டு ஆடியது, சுவரில் வெளிச்சமும் ஆடியது.

அன்னத்தாய் மறுபடி சிம்பைக் கையில் எடுத்தபோது மிஸ் பங்கஜம், "போதும்" என்றார். கையின் மேல் ஒரே ஒரு பூச்சுதான் மிச்சம் இருந்தது. அதுதான் சுப்பையா முதன்முதலாக அடித்தது. "இதுக்குக் கீழ போகக் கூடாது. இந்தச் சிவப்பு இந்தப் பூச்சுலதான் ஏறியிருக்கு. இதை எடுத்தா கையும் வந்துடும்." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "வெறும் மஞ்சளா விட்டிருந்தா நாலு வெயிலுக்கு நிக்காதுங்க. உங்க சுண்ணாம்புதான் இதை இவ்வளவு நாள் பிடிச்சு வெச்சிருக்கு."

 சுப்பையா புரிந்துகொண்டார். பச்சை வெளுக்காமல் இருக்கக் காலமெல்லாம் கதவைச் சாத்தி வைத்த ஏலக்காய்க்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்து அழுதார். ஓர் ஆண் அப்படி அழுது நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

அன்னத்தாய் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். பழக்கம். கண்ணீர் பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கழித்து, "சுண்டுவெரல் வளைஞ்சிருக்கு" என்றாள். பின்னாலிருந்து தன் கையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அவளுடைய சுண்டுவிரலும் அதே மாதிரி உள்ளே பார்த்து வளைந்திருந்தது. இரண்டரை வருஷம் அந்தக் கையால் எழுதிய தாள்களைத் திருத்தியவள் நான், அதுவரை கவனித்ததில்லை. அவள் அப்பாவிடம் கையைக் காட்டினாள். அவர் அவள் விரலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அவள் விரலைப் பார்த்தார்.

பிறகு மிஸ் பங்கஜத்திடம் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அம்மா, பக்கத்துல ஒரு கை வைக்கணும். ஒத்தையா விட்றக் கூடாது. இவ வைக்கட்டும்."

 எங்கள் துறையின் பெரிய சட்டமே சுவரில் விரல் படக்கூடாது என்பதுதான். பழைய சுவரில் எதையும் சேர்க்கக் கூடாது. மிஸ் பங்கஜம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெளிச் சுவர்ல ஏதாவது இருக்கான்னு நாம பார்க்கவே இல்லையே, வா" என்று வெளியே நடந்தார். வெளிச் சுவரில் ஒன்றும் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலையைப் பார்த்தபடி இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே அம்மிக்கல்லில் மஞ்சள் அரைக்கிற சத்தம் கேட்டது.

திரும்பிப் போனபோது சிவப்புக் கைக்குப் பக்கத்தில் ஈரம் காயாத மஞ்சள் கை ஒன்று இருந்தது. இரண்டிலும் சுண்டுவிரல் ஒரே பக்கம் வளைந்திருந்தது.

குதிரையின் காலையும் பார்த்தோம். அதற்கும் சுப்பையாவே இடம் காட்டி, துண்டும் பிடித்தார். குளம்பு இருந்தது, குளம்புக்கு அடியில் ஒரு கொடி ஓடியது. ஆய்வேட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. மாசிச் சிவராத்திரிக்கு முன்னால் வழக்கம்போல வெள்ளையடிக்கலாமா என்று சுப்பையா கேட்டபோது நான் துடித்துப்போனேன். மிஸ் பங்கஜம் கொஞ்சமும் தயங்காமல் அடிக்கச் சொன்னார். வரைந்தாயிற்று, அளந்தாயிற்று, இனி அது இருட்டில் இருப்பதுதான் அதற்கு நல்லது என்றார். அந்த வருஷம் முதன்முறையாக அன்னத்தாயும் ஒரு மட்டை பிடித்தாளாம்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கெட்டிக்காரர், கொஞ்சம் கடுகடுப்பு. குதிரையைப் பற்றி நன்றாகக் கேட்டார், அவளும் நன்றாகச் சொன்னாள். கடைசியில் கைகள் இருந்த பக்கத்துக்கு வந்தார். 'கண்டது' பக்கம் முழுக்க எழுதியிருந்தது. ஒரு பெண்ணின் வலது கை, சிவப்பு, இத்தனை ஏடுகளுக்கு அடியில். பக்கத்தில் இன்னொரு பெண்ணின் வலது கை, மஞ்சள், இந்த வருஷத்தது. 'கருதியது' பக்கம் காலியாக இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. இந்த இடத்தை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"முடியாது சார். மூடிட்டோம்" என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கலை வரலாறு படிக்கிற பெண்ணே இப்படிச் செய்யலாமா, எதற்காக மூடினீர்கள் என்றார். நான் மேசைக்கு அடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு பதிலில் நின்றது.

"ஜோடி சேந்துருச்சு சார்" என்றாள்.

பிறகு அந்த வழக்கத்தைச் சொன்னாள். யாருடைய கை என்பதையும் சொன்னாள். அவர் ஆய்வேட்டை மூடி இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.  தேர்ச்சிப் பட்டியலில் அவள் பெயர் மேலே இருந்து இரண்டாவதாக வந்தது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், எத்தனையோ சுவர்கள் முன்னால் நின்றேன். மிஸ் பங்கஜத்தின் நாற்காலியில் நானும் கொஞ்ச காலம் உட்கார்ந்தேன். ஆனால் என் சித்தப்பாவும் தாளாளரும் கேட்ட கேள்விக்கு என்னால் ஒருநாளும் சரியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. பண்பாடு, பாரம்பரியம் என்று ஏதாவது உளறி வைப்பேன். ஒரே ஒருவர்தான் என் காதுபடச் சரியாகப் பதில் சொன்னார்.

பட்டமளிப்பு நாளில் சுப்பையா சென்னைக்கு வந்திருந்தார். பெற்றோர் வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். பக்கத்தில் இருந்தவர் யாரோ பெரிய வக்கீல். பேச்சுவாக்கில் உங்கள் பெண் என்ன படித்தாள் என்று கேட்டார். கலை வரலாறு என்று சுப்பையா தட்டுத் தடுமாறிச் சொன்னார். வக்கீல் சிரித்துக்கொண்டு, அதைப் படித்து என்ன செய்ய என்றார். எனக்கு வழக்கம்போல் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் சுப்பையா தன் சுண்டுவிரலை மடக்கி அவர் முன்னால் நீட்டினார்.

"எம் பொண்டாட்டிக்கு இந்த வெரலு இப்பிடி வளைஞ்சிருக்கும் சார். நான் அத மறந்தே போயிட்டேன். எம் மகதான் பாத்துச் சொன்னா."